பிடித்த இடுப்பும் பறிக்காத களையும்

எங்கள் வயலுக்கு நண்டு திரும்பி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். மருந்தடித்த காலத்தில் காணாமல் போன நண்டும் தவளையும் நத்தையும், நாலு வருஷம் ஜீவாமிர்தம் விட்ட பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. "சான்றிதழ் கேக்குறாங்களே, இதைவிட என்ன சான்றிதழ் வேணும்?" என்று பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் வரப்போரத்து வளைகளைக் காட்டுவேன். கடைசியில் அந்த நண்டு தோண்டிய வளையில்தான் என் இடுப்பு போயிற்று.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின சம்பா. எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். ஐந்து மாவில் தூயமல்லி, மீதியில் மாப்பிள்ளைச் சம்பா. புரட்டாசியில் நட்டு, முதல் களை எடுத்து முடித்தாயிற்று. ஐப்பசி மழை நாலு நாள் கொட்டி ஓய்ந்திருந்தது. தண்ணீர் போகிற வழியில் கலந்து விட முடியாத மேட்டு வயல் ரெண்டு மாவுக்கு மட்டும் ஜீவாமிர்தத்தைக் குடத்தில் தூக்கிக்கொண்டு போய்த்தான் ஊற்றுவேன். எப்போதும் இடது இடுப்பில்தான் குடம். சின்ன வயதில் தண்ணி தூக்கப் பழகின இடுப்பு அது.

அன்றைக்கு ஏழாவது நடையோ எட்டாவது நடையோ. மழையில் ஊறின வரப்பு, உள்ளே வளை. வலது காலை வைத்த இடம் அப்படியே உள்வாங்கி ஒரு முழம் கீழே போயிற்று. குடம் கவிழ்ந்து உடம்பெல்லாம் சாணி வாடை. நான் விழவில்லை. காலை உருவிக்கொண்டு, சிரித்துக்கொண்டே மீதி நடையையும் முடித்தேன். மறுநாள் விடிகாலையில் பாயில் புரண்டு படுக்க முடியவில்லை. எழுந்திருக்கக் கையை ஊன்றினால், இடுப்புக்குக் கீழே வலப்பக்கம், முதுகில் குழி விழுமே அந்த இடத்தில், கத்தியால் கீறுவது போல இருந்தது. வலி பின்பக்கத் தொடை வரை இறங்கியது. முழங்காலுக்குக் கீழே போகவில்லை. இந்த விவரம் பின்னால் முக்கியமாகப் போகும் என்று அப்போது தெரியாது.

எல்லாரும் செய்வதையெல்லாம் நாங்களும் செய்தோம். நொச்சி போட்டு வெந்நீர் ஒத்தடம், நல்லெண்ணெய், சுளுக்கு எடுப்பது. கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று பக்கத்து ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து மிதிக்கவும் விட்டார்கள். அவர் பாவம், நல்ல மனுஷர், மெதுவாகத்தான் மிதித்தார். எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் ஊசி. ஊசி போட்ட ரெண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய கதை. டவுனில் ஸ்கேன் எடுத்தார்கள். "டிஸ்க் பிதுங்கியிருக்கு. இனிமே குனியவே கூடாது. விவசாயத்தையெல்லாம் மறந்துடுங்க" என்று அந்த மருத்துவமனையில் ஒரு நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நெல் விவசாயத்தில் குனியாத வேலை எது? நாற்றுப் பறிக்கக் குனியணும், நடக் குனியணும், களை எடுக்கக் குனியணும், அறுக்கவும் குனியணும்.

அந்தச் சட்டை வாடை

நான் படுத்திருந்த பத்துப் பன்னிரண்டு நாளில் வயலில் ரெண்டாம் களை முற்றிவிட்டது. கோரையும் குதிரைவாலிப் புல்லும் பயிருக்குச் சமமாக நின்றதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கம் ஐப்பசியில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்கிற நாலு பேரும் நான் முன்னால் இறங்கினால்தான் பின்னால் இறங்குவார்கள், அது ஒரு பழக்கம். மகன் லீவு போட்டுவிட்டு வந்து கோனோ வீடரை ஓட்டினான். வரிசையாக நட்ட ஏழு மாவில் அது ஓடியது. மேட்டு வயல் ரெண்டு மாவில் ஆள் நினைத்த இடத்தில் நட்டுவிட்டுப் போனதால் அங்கே ஓடவில்லை.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். படுத்த இடத்துக்கு வாடை வந்தது. நாலு வருஷமாக எங்கள் வீட்டில் இல்லாத வாடை. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ரெண்டு மாவுக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

இதை இந்த இதழில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். நம் கூட்டங்களில் மண்ணைப் பற்றிப் பேசுகிறோம், மாட்டைப் பற்றி, விதையைப் பற்றி, விலையைப் பற்றிப் பேசுகிறோம். இடுப்பைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்து இயற்கை விவசாயத்தை விட்டுப்போன ஆறேழு பேரில் விளைச்சல் குறைந்தது என்று போனவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் களைக்குத் தோற்றுப் போனவர்கள். களைக்குத் தோற்பது என்றால் என்ன? குனிய முடியாமல் போவதுதான்.

"நான் தள்ள மாட்டேன், நீங்கதான் தள்ளணும்"

நர்சிங் படிக்கும் என் மகள்தான் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். நான் மின்சாரப் பெட்டியை வைத்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன். இருந்தது ஒரு இளம்பெண், அவளும் விவசாய வீட்டுப் பிள்ளை. டாக்டரம்மா என்று கூப்பிட்டதற்கு, "பேரைச் சொல்லுங்கக்கா, போதும்" என்றாள்.

முதலில் ஸ்கேனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எந்த வேலையில் வலிக்கிறது, படுத்துப் புரளும்போதா, படியேறும்போதா, இருமினால் வலிக்கிறதா, கால் மரத்துப்போகிறதா, மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டாள். மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் நட, முன்பாதத்தில் நட என்றாள். டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, பாதம் வரைக்கும் மின்னல் மாதிரி இறங்குமாம். எனக்கு அப்படி இல்லை. ஸ்கேனில் உள்ள பிதுக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு, வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் இருபது வயதில் நூற்றுக்கு முப்பது பேருக்கும், ஐம்பது வயதில் அறுபது பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்று ஆய்வில் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். "முடி நரைக்கிற மாதிரிதான்க்கா. நரைச்ச முடியைக் காட்டி தலைவலின்னு சொல்லிட முடியுமா?"

பிறகு நிற்கவைத்து, என் பின்னிடுப்பின் ரெண்டு குழிகளிலும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மெதுவாகக் குனியச் சொன்னாள். இடதுபக்க விரலை விட வலதுபக்க விரல் சீக்கிரமே மேலே ஏறுகிறதாம். அந்தப் பக்க மூட்டு தனியாக அசையாமல் முதுகோடு சேர்ந்தே வருகிறது என்று இந்த முறைக்காரர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். "இந்த ஒரு சோதனையை மட்டும் நம்ப மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும்" என்று சொல்லிவிட்டு, படுக்கவைத்து இடுப்பெலும்பைப் பக்கவாட்டில் அழுத்தியும், மடக்கின தொடை வழியாகக் கீழ்நோக்கித் தள்ளியும் நாலைந்து விதமாகப் பார்த்தாள். அதில் நாலு என் வலியை அப்படியே கிளப்பிவிட்டன.

முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக ஒரு எலும்பு இருக்கிறது. அதன் ரெண்டு பக்கமும் இடுப்பெலும்பு வந்து சேர்கிறது. அந்தச் சந்திப்புக்கு சாக்ரோ இலியாக் மூட்டு என்று பேர். மேலுடம்பின் பாரம் எல்லாம் முதுகெலும்பு வழியாக இறங்கி, இங்கேதான் ரெண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வாய்க்காலில் தலைமடை பிரிகிற இடம் மாதிரி. ரொம்ப அசைகிற மூட்டு இல்லை, ரெண்டு மூன்று டிகிரிதான் அசையும். அந்தக் கொஞ்சமும் பிடித்துக்கொண்டால் புரண்டு படுப்பதே வேதனை. எதிர்பாராத பள்ளத்தில் காலை வைப்பது இந்த மூட்டுக்கு ஆகவே ஆகாதாம். என் வலது இடுப்பெலும்பு முன்பக்கமாகச் சாய்கிறது, ஆனால் பின்பக்கமாகத் திரும்பும் அசைவு தடைபடுகிறது, சுற்றியுள்ள தசைகள் காவல் காக்கிற மாதிரி இறுகிவிட்டன என்றாள்.

சரி, சடக்கென்று ஒடித்து எடுக்கப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். அவள் என் வலது முழங்காலை மடக்கி மார்பை நோக்கி மெதுவாகக் கொண்டுபோனாள். ஒரு இடத்தில் லேசாகத் தடுத்தது. அங்கேயே நிறுத்திவிட்டாள். "இதுதான் தடுப்பு. இதைத் தாண்டி நான் தள்ள மாட்டேன். இப்ப நீங்க என் கையை எதிர்த்துக் காலைக் கீழே தள்ளுங்க, மெதுவா."

நான் வயலில் வேலை செய்கிறவள். தள்ளு என்றால் தள்ளுவேன். அவள் நாலடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தாள். "அக்கா, நான் என்ன வண்டி மாடா? உங்க பலத்துல அஞ்சுல ஒரு பங்கு போதும். என் கை அசையக் கூடாது, உங்க காலும் அசையக் கூடாது. தசை மட்டும் முறுக்கேறணும்" என்றாள். மறுபடி செய்தோம். ஐந்து, ஆறு, ஏழு எண்ணுவாள். "விடுங்க, மூச்சை நல்லா விடுங்க." மூச்சை விட்டுத் தளரும்போது முழங்காலை மறுபடி மார்பை நோக்கிக் கொண்டுபோவாள். முன்பு தடுத்த இடம் இப்போது தடுக்கவில்லை, இன்னும் ரெண்டு விரல்கடை போனது. அங்கே புதுத் தடுப்பு. அங்கே மறுபடி தள்ளல். இப்படி நாலு தடவை.

எனக்குக் கன்றுக்குட்டி ஞாபகம்தான் வந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் கன்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னால் இழுக்கும். நாமும் சேர்ந்து இழுத்தால் கழுத்துதான் இறுகும். அது இழுக்கும்போது விட்டுக்கொடுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது சலித்துத் தளர்கிற நேரத்தில் ஒரு அடி நடத்தி, அங்கே நிறுத்த வேண்டும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் "இதை எங்க காலேஜ்ல சொல்லியிருந்தா ஒரே நாள்ல புரிஞ்சிருக்கும்" என்று சிரித்தாள்.

அவள் சொன்ன கணக்கு வேறு ஒன்றும் உண்டு. காலைக் கீழே தள்ளும்போது வேலை செய்வது பிட்டத் தசையும் பின்தொடைத் தசையும். அவற்றின் மேல்முனை இடுப்பெலும்பில்தான் பிடித்திருக்கிறது. வழக்கமாகத் தசை சுருங்கினால் கால் அசையும். காலை அசையவிடாமல் பிடித்துக்கொண்டால், அதே இழுப்பு இடுப்பெலும்பைப் பின்பக்கமாகத் திருப்பப் பார்க்கும். மூழ்கின வாளி பாறையில் மாட்டிக்கொண்டால், இழுக்கிறவரையே கயிறு கிணற்றுப் பக்கம் இழுக்குமே, அது மாதிரி. அதாவது வைத்தியம் செய்வது அவள் கை இல்லை, என் தசை. அதனால்தான் இதற்குத் தசை ஆற்றல் நுட்பம் என்று பேர். மசில் எனர்ஜி டெக்னிக் என்று கேட்டால் எந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கும் தெரியும்.

அன்றைக்கே இன்னொன்றும் செய்தாள். இடுப்புக்கு மேலே கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்பு. ஒவ்வொன்றும் அடுத்ததோடு பின்பக்கம் ரெண்டு சின்ன மூட்டுகளால் சேர்ந்திருக்கிறது. கடைசி முள்ளெலும்பிலும் பிடிப்பு இருக்கிறது என்று, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கூரையை நோக்கித் தூக்கச் சொன்னாள். மேலே அவள் கை தடுத்தது. அதே ஐந்து எண்ணிக்கை, அதே மூச்சு.

எழுந்து நின்றேன். வலி முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். வந்தபோது பத்தில் எட்டு என்றால் எழுந்தபோது ஐந்து. ஆனால் செருப்பைக் குனிந்து மாட்டினேன். பன்னிரண்டு நாளில் முதல் தடவை.

மூன்று வாரத்தில் ஐந்து தடவை போனேன். ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய்.

யார் கண்டுபிடித்தது, எவ்வளவு நம்பலாம்

இது நம் நாட்டு வைத்தியம் இல்லை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874ல் ஆஸ்டியோபதி என்ற முறையை அறிவித்து, 1892ல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்த வழியில் வந்த பிரெட் மிட்செல் என்பவர்தான், நோயாளி தள்ள வைத்தியர் தடுக்கும் இந்த முறையை இடுப்புக் கூட்டுக்கு வகுத்தவர். 1958ல் இடுப்புக் கூட்டின் அசைவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் குறிப்பிடுகிறார்கள். இப்போது உலகம் முழுக்க பிசியோதெரபிஸ்ட்டுகள் செய்கிறார்கள். நல்லது எங்கிருந்து வந்தால் என்ன, கோனோ வீடரும் நம் தாத்தா செய்ததில்லை.

எனக்குச் சரியானது என்பதற்காக உங்களுக்கும் ஆகும் என்று சத்தியம் செய்ய முடியாது. இதை முதலில் சொன்னதே அந்தப் பெண்தான். "விலகின எலும்பை உள்ளே தள்ளிட்டேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்கக்கா. அந்த மூட்டு அப்படிச் சுலபமா விலகுற மூட்டு இல்ல. இறுக்கம் விடுது, வலியை மூளை வாங்குற விதம் மாறுது, பயம் போகுது. அதுதான் நடக்குதுன்னு இப்ப நினைக்கிறாங்க." மகள் தேடிப் படித்துச் சொன்னதும் இதையே ஒத்திருந்தது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பு, கீழ்முதுகு வலிக்கு இந்த நுட்பம் பலன் தருமா என்று 2015ல் 12 ஆய்வுகளை வைத்துப் பார்த்தது. எல்லாமுமாக 500 பேர்தான். ஆய்வுகளின் தரம் போதாது, உறுதியாகச் சொல்லச் சான்று பற்றாது என்று முடித்துவிட்டது. பஞ்சகவ்யாவுக்கு ஆய்வு எங்கே என்று நம்மைக் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை நமக்குப் பிடித்த விஷயத்தையும் பார்த்து நாமே கேட்டுக்கொள்வது நல்லது. நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: மிதிப்பதைவிட, ஒடிப்பதைவிட இதில் அபாயம் குறைவு. வலிக்கிற அளவுக்கு ஒருவரும் தள்ளுவதில்லை. படுத்தே கிடக்காமல் அசைய ஆரம்பிக்க ஒரு வாசல் திறந்தது.

வீட்டில் செய்ய அவள் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு தடவை தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் பிடிப்பு எந்தப் பக்கம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுத்துக்கொள்ளுங்கள். வலிக்கிற பக்கத்து முழங்காலை மடக்கி, தொடைக்குப் பின்னால் ஒரு துண்டைப் போட்டு ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றக் கால் நீட்டியே இருக்கட்டும். முழங்காலை மார்பை நோக்கி லேசாகத் தடுக்கிற இடம் வரை கொண்டுவாருங்கள். இப்போது தொடையைத் துண்டுக்கு எதிராகக் கீழே அழுத்துங்கள், கை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐந்து எண்ணுங்கள். மூச்சை அடக்காதீர்கள், நம் ஆட்கள் எல்லாரும் செய்யும் தப்பு அது. விட்டுவிட்டு, மூச்சு வெளியே போகும்போது இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுவாருங்கள். நாலு தடவை போதும். செய்யும்போது வலி கூடினால் அது உங்களுக்கான பயிற்சி இல்லை, நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நம் பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பார்கள். மூத்திரமோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலும், வராமல் அடைத்தாலும், தொடையிடுக்கு மரத்துப்போனாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்தாலும் எந்த நுட்பமும் வேண்டாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ராத்திரி படுத்தாலும் ஓயாத வலி, வயதானவர் விழுந்து வந்த வலி, இவையும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்ந்திருக்கலாம். கர்ப்பிணிகளும் தானாக எதையும் செய்யக் கூடாது. டவுனுக்குப் போக வழியில்லாதவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் ஊருக்கு பிசியோதெரபிஸ்ட் வருகிறாரா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021லிருந்து அந்தத் திட்டம் நடக்கிறது.

குடத்தை மாற்றினேன்

நாலாவது தடவை போனபோது அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "குடத்தை எந்தப் பக்கம் வைப்பீங்க?" இடது என்றேன். "நாப்பது வருஷமாவா?" நாற்பதுக்கு மேலேயே இருக்கும். நிற்கும்போதுகூட என் இடது இடுப்பு வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, குடம் இல்லாமலே குடம் வைத்த மாதிரி. பிடிப்பை விடுவித்து அனுப்புவது சுலபம், திரும்பப் பிடிக்காமல் இருப்பது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது என்றாள்.

அதனால் சிலவற்றை மாற்றினோம். மேட்டு வயலுக்குக் குடத்தில் தூக்குவதை நிறுத்தி, இருநூறு லிட்டர் டிரம்மை உயரத்தில் வைத்துக் குழாய் போட்டுவிட்டோம். குழாய்க்கு ஆன செலவு நான் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அடுத்த சம்பாவில் ஒன்பது மாவும் கயிறு பிடித்து வரிசை நடவு. கோனோ வீடர் கைப்பிடி என் உயரத்துக்கு இறக்கி வைக்கப்பட்டது. அதுவரை வீட்டுக்காரர் உயரத்துக்குத்தான் இருந்தது, நான் தோளைத் தூக்கிக்கொண்டு தள்ளியிருக்கிறேன், ஒருநாளும் தோன்றவில்லை. கையால் களை எடுக்கும் இடத்தில் முழு வரப்பையும் ஒரே மூச்சில் குனிந்து முடிக்கும் வீம்பை விட்டேன். அரைமணிக்கு ஒரு தரம் நிமிர்ந்து, கையை இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைந்து நிற்பேன். "அக்கா வானத்தைப் பாக்குது, மழை வருமா?" என்று கிண்டல் செய்வார்கள். மூட்டை தூக்குவது அறவே இல்லை. கொள்முதல் நிலையத்து நாற்பது கிலோ சிப்பத்தைக்கூட ரெண்டு பேராகப் பிடிக்கிறோம்.

டிஸ்க் பிதுக்கம் அங்கேயேதான் இருக்கும், எடுத்துப் பார்த்தால் தெரியும். நான் குனிகிறேன், நடுகிறேன். வருஷத்தில் ரெண்டு மூன்று தடவை பிடிக்கத்தான் செய்கிறது. பிடித்தால் துண்டை எடுத்துக்கொண்டு படுத்துவிடுவேன். ஒரு நாளில் விடும், சில நேரம் மூன்று நாள் ஆகும்.

என்னோடு களை எடுக்கும் பெண்களில் ஒருத்திக்கும் இடுப்பு வலி இல்லாமல் இல்லை. ஒருநாள் டீ வந்த நேரத்தில் மோட்டார் கொட்டகைச் சிமெண்டுத் தரையில் துண்டைப் போட்டுச் செய்துகாட்டினேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு மூன்று பேர் வரிசையாகப் படுத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். அறுபத்தைந்து வயது சின்னம்மா ஒருத்தர், "ஏண்டி, இத்தனை வருஷமா முதுகுல மண்ணெண்ணெய் தேய்ச்சுக்கிட்டுக் கிடந்தேனே, இதை அப்பவே சொல்லக் கூடாதா?" என்று என்னையே திட்டினார். அவருக்கு வலி காலுக்கு இறங்கி விரல் மரக்கிறது என்பதால் பயிற்சியை நிறுத்திவிட்டு, பிசியோதெரபி நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இப்போது மருந்து சாப்பிடுகிறார்.

அந்த மேட்டு வயல் ரெண்டு மா? அதற்கு மட்டும் வருஷக் கணக்கை மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதில் விளைந்ததை அந்த வருஷம் தனியாக மூட்டை கட்டி, இயற்கை நெல் என்று சொல்லாமல் பொது விலைக்குத்தான் போட்டோம். அதைச் செய்ததும் அவர்தான், நான் சொல்லவில்லை. இந்த ஐப்பசியில் அங்கே அண்டை வெட்டும்போது வரப்பில் ரெண்டு நண்டு வளை பார்த்தேன். காலை வைக்கும் முன்னால் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டேன்.